ஆயா தைச்ச புடவைப் போர்வையை எலி கடிச்சிடுச்சு, காப்பாத்த முடியுமா?

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. அவங்க ஆயா பழைய நூல் புடவைங்களை அடுக்கி கையால தைச்ச போர்வை, பரண் மேல இருந்தது, ஓரமெல்லாம் எலி கடிச்சு, மழை ஒழுகி சிவப்பு சாயம் வெள்ளையில இறங்கிடுச்சாம். மார்கழிக்குள்ள சரி பண்ணலாமா, சீக்கிரம் முடியுற டிசைன் இருக்கான்னு.

முடியும்மா, தூக்கி மட்டும் போட்டுடாதீங்க. வாஷிங் மெஷின்லயும் போடாதீங்க, நனைஞ்ச பழைய துணி அதோட கனத்துக்கே கிழிஞ்சிடும். முதல்ல பிஞ்ச இடத்து மேல கொசுவலைத் துணி வச்சு பெரிய தையலா ஓட்டிடுங்க, எலி மூத்திரம் பட்டிருக்கும், கிளவுஸ் போட்டுக்கோங்க. நம்ம போர் தண்ணியில சோப்பு சரியா நுரைக்காது, அதனால காவேரி தண்ணி வர்ற அன்னைக்கு பெரிய டப்புல போர்வை முங்க முங்க தண்ணி விட்டு, லிக்விட் சோப்பு கொஞ்சம் கலந்து ஊற வைங்க, தண்ணியில கலர் இறங்காம தெளிவா வர்ற வரைக்கும் மாத்திக்கிட்டே இருங்க. தண்ணி நிறைய இருந்தாதான் கழண்ட சாயம் திரும்ப துணியில ஒட்டாது. உப்பு, வினிகர் போட்டா சாயம் நிக்கும்னு சொல்வாங்க, நிக்காது. பிளீச் வேண்டவே வேண்டாம். தூக்கும்போது அடியில பெட்ஷீட் கொடுத்து ரெண்டு பேரா தூக்குங்க, கொடியில தொங்கவிடாம மொட்டை மாடியில பாய் மேல விரிச்சு காய வைங்க. கறை போகுற வரைக்கும் அயர்ன் பண்ணாதீங்க, சூடு பட்டா சாயம் அங்கயே தங்கிடும்.

ஒட்டு போட புதுத்துணி எடுக்காதீங்க. நான் ஒரு தடவை கெட்டியான புதுத்துணி வச்சு தைச்சேன், ரெண்டு துவையல்ல ஒட்டு அப்படியே இருக்கு, அதோட ஓரத்தை ஒட்டி பழைய துணி கோடு போட்ட மாதிரி கிழிஞ்சிருந்தது, மனசு ஆறவே இல்ல. அதே மாதிரி நைஞ்ச பருத்தித்துணிதான் சரி, ஓட்டையைத் தாண்டி ஒரு இன்ச் நல்ல துணி மேல ஏறணும்.

ஓரம் பூரா போயிருந்தா நடுவை மட்டும் காப்பாத்துங்க. 37-க்கு 61 இன்ச் நல்ல பகுதியை குறிச்சு, அந்தக் கோட்டுக்கு கொஞ்சம் உள்ள மெஷின் தையல் ஒண்ணு ஓட்டிட்டு அப்புறமா வெட்டுங்க, இல்லன்னா அடுக்கு பிரிஞ்சிடும். சுத்தி வைக்க வேற வேற கலர்ல மூணு பழைய குடியாத்தம் லுங்கி போதும், மூட்டின லுங்கின்னா மூட்டைப் பிரிச்சிடுங்க. ஒவ்வொண்ணுலயும் நீளவாக்குல 2.5 இன்ச் பட்டை எட்டு கிழிங்க. மூணு கலரையும் கால் இன்ச் தையல்ல பக்கத்து பக்கத்துல சேர்த்தா 6.5 இன்ச் அகலம் வரும், அதை 6.5 இன்ச் சதுரமா வெட்டுங்க, ஒரு செட்டுக்கு 11 தேறும், உங்களுக்கு 80 வேணும். ஒரு சதுரத்துல பட்டை நின்ன மாதிரி, அடுத்ததுல படுத்த மாதிரி வச்சு ரெண்டு வரிசை சுத்தி ஜாயின் பண்ணா படிக்கட்டு மாதிரி டிசைன் விழும், மொத்தம் 60-க்கு 84 இன்ச், சிங்கிள் கட்டிலுக்கு சரியா இருக்கும்.

அடியில பெட்ஷீட், அது மேல நடுவுல ஆயா போர்வை, சுத்தி லுங்கி வர்ற இடத்துக்கு அடியில மடிச்ச பழைய வேட்டி. லுங்கி ஓரத்தை கால் இன்ச் மடிச்சு அது மேல ஏத்தி கையாலயே தைங்க, ஆயா நூல் ஓட்டின அதே கோட்டைத் தொடர்ந்து லுங்கி வரைக்கும் கொண்டு போங்க.