தொழிலை விற்கச் சொல்கிறான் மகன்!

கேள்வி: எனக்கு 62 வயது. மாமனார் தொடங்கிய கட்டட கான்ட்ராக்ட் தொழிலை நடத்தி வருகிறேன். இன்ஜினீயரிங் முடித்த மகன் என்னோடு சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அதற்குள், "எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஃபேஷன் பிராண்ட் ஆரம்பிக்கலாம்" என்கிறான். பிரான்ஸின் பெர்னார்ட் அர்னோ அப்பாவை இப்படி விற்க வைத்துத்தான் உலகப் பணக்காரர் ஆனாராம். செல்போனில் வீடியோ வேறு காட்டுகிறான். மறுத்துப் பேசினால் "உங்களுக்குப் புரியாதுப்பா" என்று எழுந்து போய்விடுகிறான். நான் என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் மகன் சொல்வது பொய்யில்லை. ஆனால் அவர் பார்த்த வீடியோ சீக்கிரமே முடிந்துவிட்டது போலிருக்கிறது.

அர்னோ 1949-ல் வட பிரான்ஸில், நெசவாலைகள் நிறைந்த ரூபே நகரில் பிறந்தவர். குடும்பத் தொழில் கட்டுமானம். அதைத் தொடங்கியவர் அம்மா வழித் தாத்தா. பிறகு நடத்தியது மருமகனான அர்னோவின் அப்பா. உங்கள் கதைதான்! பாரிஸின் பிரபல இன்ஜினீயரிங் கல்லூரியான எகோல் பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு 1971-ல் அர்னோ உள்ளே வந்தார். விற்கலாம் என்று அப்பாவைச் சம்மதிக்க வைத்தது 1976-ல். இடையில் ஐந்து வருஷம் அங்கேயே வேலை பார்த்திருக்கிறார். விற்றதும் மொத்தத்தையும் அல்ல, தொழிற்சாலைக் கட்டுமானப் பிரிவை மட்டும்தான். அந்தப் பணத்தில் என்ன செய்தார்கள்? விடுமுறைக்கால வீடுகள் கட்டி விற்றார்கள். அதாவது, தெரிந்த செங்கல், சிமெண்டை விட்டு நகரவே இல்லை.

ஃபேஷன் பக்கம் அவர் வந்தது இன்னும் எட்டு வருஷம் கழித்து. 1981-ல் பிரான்ஸில் சோஷலிஸ்ட்டுகள் ஆட்சிக்கு வந்ததும் அமெரிக்கா போய், ஃபுளோரிடாவில் அடுக்குமாடி வீடுகள் கட்டினார். 1984-ல் பூசாக் என்ற பெரிய ஜவுளிக் குழுமம் திவாலாகிக் கிடந்தது. நெசவாலை, குழந்தைகளுக்கான டயாப்பர், ஃபர்னிச்சர் கடை என்று ஏகப்பட்ட சுமை. அதற்குள்ளே ஒரு வைரமும் இருந்தது: கிறிஸ்டியன் டியோர் என்ற பிரபல ஃபேஷன் பிராண்ட். குடும்பப் பணம் சுமார் 1.5 கோடி டாலரைப் போட்டு, மீதிக்கு லசார் முதலீட்டு வங்கியைச் சேர்த்துக்கொண்டு குழுமத்தை வாங்கினார். டியோரையும் லெ பான் மார்ஷே என்ற பாரிஸ் கடையையும் வைத்துக்கொண்டு மற்றதை ஒவ்வொன்றாக விற்றுத் தள்ளினார். இரண்டே வருஷத்தில் சுமார் 9,000 பேருக்கு வேலை போனது என்பார்கள். பிரான்ஸில் அவரைத் திட்டுகிறவர்கள் இன்றும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். உங்களிடம் பல வருஷமாக இருக்கும் மேஸ்திரிகளைப் பற்றி மகன் ஒரு வார்த்தையாவது சொன்னாரா?

அப்புறம் 1987. தோல்பை, பெட்டிகள் செய்யும் லூயி விட்டானும் மதுபானம் தயாரிக்கும் மோயெட் ஹென்னஸியும் இணைந்து எல்விஎம்எச் என்ற ஆடம்பரப் பொருள் குழுமம் உருவானது. உடனே இரண்டு தரப்புத் தலைவர்களுக்கும் சண்டை. விட்டான் குடும்பத்து மருமகன் ஹென்றி ராகாமியே, மோயெட் ஹென்னஸி தரப்பைச் சமாளிக்க அர்னோவைத் துணைக்கு அழைத்தார். பங்குகளை வாங்கிக் குவித்த அர்னோ 1989-ல் தலைவராகிவிட்டார். அழைத்தவர் அடுத்த வருஷமே வெளியே. கொஞ்சம் அடாவடிதான், ஆனால் சாமர்த்தியம்.

ஒரே ஒரு குடும்பத்திடம் இந்த சாமர்த்தியம் பலிக்கவில்லை. விலை உயர்ந்த தோல்பைகளுக்குப் பேர்போன ஹெர்மேஸ் நிறுவனத்தின் பங்குகளைச் சத்தமில்லாமல் சேர்த்து, 2010-ல் 17 சதவீதம் தன்னிடம் இருப்பதாக அறிவித்தார். ஹெர்மேஸ் வாரிசுகள் 50-க்கும் மேற்பட்டவர்கள். ஆளுக்கு ஒரு விலை சொல்லிப் பிரிந்து போயிருக்கலாம். அவர்களோ பாதிக்கு மேற்பட்ட பங்குகளை ஒரே நிறுவனத்தில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். அர்னோ 2014-ல் சமரசத்துக்கு வந்து பின்வாங்கினார்.

இப்போது மகனிடம் நீங்கள் சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். அர்னோவுக்கு ஐந்து பிள்ளைகள், எல்லோரும் தொழிலில் இருக்கிறார்கள். 2022-ல், எல்விஎம்எச்சைக் கையில் வைத்திருக்கும் குடும்ப நிறுவனத்தை மாற்றியமைத்து ஆளுக்கு 20 சதவீதம் கொடுத்தார். ஆனால் இயக்குநர் குழு ஒருமனதாக ஒப்புக்கொண்டால் தவிர 30 வருஷத்துக்கு யாரும் அந்தப் பங்கை விற்க முடியாது! அப்பாவிடம் "விற்றுவிடுவோம்" என்று சொன்ன அதே மனிதர் போட்ட பூட்டு இது. நாற்காலியையும் விடவில்லை. எல்விஎம்எச் தலைவருக்கான வயது வரம்பு 75-லிருந்து 80 ஆகி, 2025-ல் 85 ஆகிவிட்டது. 62 வயதில் நீங்கள் ஏன் அவசரப்பட வேண்டும்?

அதற்காக மகனை வாயடைத்துவிடாதீர்கள். அர்னோ மாதம் ஒருமுறை பிள்ளைகளை மதியச் சாப்பாட்டுக்கு உட்கார வைத்து, ஒவ்வொரு விஷயத்திலும் அவர்கள் அபிப்பிராயத்தைக் கேட்பாராம். "உங்களுக்குப் புரியாது" என்ற பேச்சு உங்கள் வீட்டில் நிற்க வேண்டுமானால் நீங்களும் அப்படிக் கேளுங்கள். தொழிலில் எந்தப் பிரிவு நஷ்டம், எதை விற்கலாம், அந்தப் பணத்தில் என்ன வாங்கலாம் என்று கணக்கோடு எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள். இன்னும் இரண்டு மூன்று வருஷமாவது சைட்டில் நிற்கட்டும். அதன் பிறகும் ஒரு பிரிவைக் கொடுத்துவிடலாம் என்று கணக்கு சொன்னால், அர்னோவின் அப்பா போல நீங்களும் கொடுக்கலாம், தப்பில்லை.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. தொழிலைத் தொடங்கியவர் உங்கள் மாமனார் என்கிறீர்கள். யார்டு நிலமும் பத்திரமும் யார் பெயரில் இருக்கின்றன? உங்கள் மனைவியின் உடன்பிறந்தவர்களுக்குப் பங்கு இருந்தால், விற்பதைப் பற்றி நீங்களும் மகனும் மட்டும் பேசி முடிக்க முடியாது. மனைவியையும் அழைத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள்.