கட்டடக்கலை போர்ட்ஃபோலியோவுக்கு, பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் கிரிட் போடுவது எப்படி? எத்தனை பத்தி வைக்கலாம்?

பத்தி (பக்கத்தை நெடுக்காகப் பிரிக்கும் பட்டை) எண்ணிக்கையை முதலில் முடிவு செய்யாதீர்கள். பக்கங்களில் எது அதிகம் வரப்போகிறதோ அதன் அளவிலிருந்து கிரிட்டை, அதாவது படமும் எழுத்தும் ஒழுங்காக உட்காரப் போடும் வழிகாட்டிக் கோடுகளை, பிடியுங்கள். நம் துறையில் அது 3:2 புகைப்படமும் ஸ்கேலில் வரைந்த பிளானும்தான்.

படுக்கைவாட்டில் ஏ4 என்று வைத்துக்கொள்வோம்: 297 × 210 மி.மீ. பைண்டிங் பக்கம் 22, வெளிப்பக்கம் 16, மேலே 15, கீழே 20 மி.மீ. ஓரம் விட்டால் மிஞ்சுவது 259 × 175. அதை 5 மி.மீ. இடைவெளியோடு 12 பத்தி, 6 வரிசையாகப் பிரித்தால் பத்தி சரியாக 17, வரிசை சரியாக 25 மி.மீ. இப்போது 4 பத்தி × 2 வரிசை என்றால் 83 × 55. 6 × 3 என்றால் 127 × 85. 8 × 4 என்றால் 171 × 115. மூன்றுமே ஏறத்தாழ 3:2. எந்த அளவில் வைத்தாலும் படம் ஒன்றரை மி.மீ.க்கு மேல் வெட்டுப்படாது. இதற்காகத்தான் இந்த எண்கள்.

எழுத்து வரிகள் உட்காரும் கோடுகளான பேஸ்லைன் கிரிட்டையும் மேல் ஓரத்திலிருந்து 5 மி.மீ.க்கு ஒன்றாக வையுங்கள். 9 பாயின்ட் எழுத்துக்கு அது போதும். படத்தின் கீழ் விளிம்பும் பக்கத்து வரியும் ஒரே கோட்டில் உட்காரும். விளக்க உரை 4 பத்தி அகலத்தைத் தாண்ட வேண்டாம்.

எல்லாவற்றையும் பேரன்ட் பேஜில் (மற்ற பக்கங்களுக்கெல்லாம் அச்சாக இருக்கும் பக்கம்) போடுங்கள். வரிசைகளுக்கு, கோடுகளைப் போடும் ‘கிரியேட் கைட்ஸ்’ கட்டளையைத் திறக்கும்போது ‘ஃபிட் கைட்ஸ் டு’ என்ற இடத்தில் ‘மார்ஜின்ஸ்’ தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். ‘பேஜ்’ என்று விட்டால் தாள் முழுவதும் ஆறாகப் பிரிந்து கணக்கெல்லாம் குலைந்துவிடும்.

பெரும்பாலோர் சறுக்குவது வரைபடங்களில். ஃப்ரேமை நிரப்புவதற்காகப் பிளானை இழுத்துப் பெரிதாக்கக் கூடாது. 24 மீட்டர் நீளக் கட்டடம் 1:200-இல் 120 மி.மீ.; 6 பத்தி ஃப்ரேம் 127 மி.மீ. மிஞ்சும் 7 மி.மீ. வெறுமையாகவே இருக்கட்டும். பிளானின் இடது சுவரைப் பத்திக் கோட்டில் நிறுத்துங்கள். அதற்கு நேர் கீழே, அதே ஸ்கேலில், கட்டடத்தைச் செங்குத்தாக வெட்டிக் காட்டும் செக்‌ஷன். அதன் இடது சுவரும் அதே கோட்டில். பார்ப்பவர் கண் பிளானிலிருந்து அப்படியே கீழே இறங்கி உயரத்தைப் படித்துக்கொள்ளும். ஒரு திட்டத்தின் எல்லா செக்‌ஷன்களிலும் தரைமட்டக் கோடு ஒரே வரிசைக் கோட்டில் இருந்தால், பக்கம் புரட்டும்போது தரை ஏறி இறங்காது.

1:100-இல் எடுத்த பிடிஎஃப்பைப் பாதியாகச் சுருக்கி 1:200 ஆக்குவதும் தவறு. கோட்டுத் தடிமனும் பாதியாகும்: 0.18 மி.மீ. கோடு 0.09 ஆகி, அச்சில் நரைத்துப் போகும் அல்லது விட்டுவிட்டு விழும். வரைபடம் போட்ட ஆட்டோகேட் மென்பொருளிலேயே 1:200-இல் மறுபடி பிளாட் (அச்சுக்கான வெளியீடு) எடுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் வரைபடத்தின் தெளிவு முழுக்க அதில்தான் இருக்கிறது.

முழுப்பக்க ரெண்டர் (கணினியில் உருவாக்கிய கட்டடத் தோற்றப் படம்) கிரிட்டை மீறலாம். சுற்றிலும் 3 மி.மீ. ப்ளீட் விடுங்கள், அதாவது தாள் வெட்டும் கோட்டைத் தாண்டிப் படத்தை நீட்டுங்கள். ரெண்டரின் குறிப்பு மட்டும் கிரிட்டுக்குள் இருக்க வேண்டும்.

கடைசியில் ஒரு பக்கத்தை 100% அளவில் அச்சிட்டு, ஸ்கேல் பட்டையை அளவுகோலால் அளந்து பாருங்கள். 1:200-இல் 10 மீட்டர் என்பது 50 மி.மீ. இருக்க வேண்டும். குறைந்தால் பிரின்டர் அமைப்பில் ‘ஃபிட் டு பேஜ்’ போட்டிருக்கிறது.