ஆப்பிரிக்க வரலாறு படிக்கப் போகிறேன் என்கிற மகள், தூக்கம் வராத அம்மா

வணக்கம் அம்மா. உங்கள் குரல் பதிவை இரண்டு முறை கேட்டேன். மகள் இளங்கலை வரலாறு இரண்டாம் ஆண்டு, அதில் சேர்த்ததே வீட்டில் பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை, இப்போது துறை நூலகத்தில் யாரோ ஒரு பெல்ஜியக்காரர் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு ஆப்பிரிக்க வரலாற்றில் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று நிற்கிறாள், நம்ம ஊர் வரலாறு படித்தவர்களுக்கே வேலை இல்லை, அந்த வரலாற்றைப் படித்தால் யார் வேலை கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். பதிலுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் அந்தப் பெல்ஜியக்காரர் யார், என்னென்ன எழுதினார் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் பெண் என்னவெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும், அதற்கு எத்தனை வருஷம் ஆகும் என்பது அவருடைய புத்தக வரிசையிலேயே இருக்கிறது.

யான் வான்சினா. 1929இல் ஆன்ட்வெர்ப்பில் பிறந்தவர். லூவன் பல்கலைக்கழகத்தில் படித்தது ஐரோப்பிய இடைக்கால வரலாறு, ஆப்பிரிக்கா அல்ல. 1952இல், இருபத்து மூன்று வயதில், வேலை கிடைத்தது அன்றைய பெல்ஜியக் காங்கோவில். கசாய், சங்குரு ஆறுகளுக்கு நடுவே இருந்த குபா அரசில் தங்கி அந்த மக்களின் மொழியைக் கற்றுக்கொண்டு, அவர்கள் சொல்லும் மன்னர் கதைகளையும் பாடல்களையும் எழுதி எடுத்தார். அந்தக் காலத்தில் எழுத்துச் சான்று இல்லாத சமூகத்துக்கு வரலாறே கிடையாது என்று பெரிய பெரிய பேராசிரியர்களே பேசிக்கொண்டிருந்தார்கள். 1963இல்கூட ஆக்ஸ்ஃபோர்டின் ஹ்யூ ட்ரெவர்-ரோப்பர், ஆப்பிரிக்காவில் இருப்பது ஐரோப்பியர் அங்கே செய்தவற்றின் வரலாறு மட்டுமே, மற்றது இருட்டு என்கிற பொருளில் பேசினார். (மாலி நாட்டுத் திம்புக்து நகரின் கையெழுத்துப் படிகளும் எத்தியோப்பியாவின் கீயெஸ் மொழி ஏடுகளும் அப்போதும் இருந்தன என்பது வேறு விஷயம்.) வான்சினா செய்தது என்ன என்றால், இடைக்கால ஐரோப்பிய ஏடுகளைச் சோதிக்கத் தனக்குக் கற்றுத்தந்த அதே கேள்விகளை வாய்மொழிக்கும் கேட்டார். இதைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், சொல்வதால் அவருக்கு என்ன லாபம், பக்கத்து ஊரில் இதே கதையை எப்படிச் சொல்கிறார்கள். 1961இல் பிரெஞ்சில் வெளிவந்து 1965இல் ஆங்கிலத்துக்குப் போன வாய்மொழி மரபு பற்றிய நூல் இதிலிருந்து வந்ததுதான். களத்தில் கால் வைத்ததிலிருந்து அந்தப் புத்தகம் வர ஒன்பது வருஷம், இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன உதாரணம் சொன்னால் உங்கள் பெண் எதில் விழுந்துவிட்டாள் என்பது புரியும். ஒரு மன்னர் காலத்தில் பட்டப்பகலில் சூரியன் இருண்டது என்று குபாவில் ஒரு நினைவு உண்டு. அந்த நினைவை வானியல் கணக்கோடு ஒத்துப்பார்த்தால் 1680ஆம் ஆண்டு சூரிய கிரகணம் பொருந்தி வருகிறது. அந்த ஒரு ஆணியை அடித்துவிட்டால் முன்னும் பின்னும் உள்ள மன்னர்களை ஓரளவு காலவரிசையில் மாட்டிவிடலாம். அதே குபாவின் புகழ்பெற்ற மன்னர் ஷ்யாமின் மரச்சிலை ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அவர் முன்னால் செதுக்கியிருப்பது வாளோ கேடயமோ இல்லை, குழிகள் உள்ள ஒரு விளையாட்டுப் பலகை. நம் வீட்டுப் பல்லாங்குழியின் உறவுக்கார விளையாட்டு. சிலையின் படத்தை மகளிடம் காட்டச் சொல்லுங்கள், உங்களுக்கே பிடிக்கும்.

சரி, புத்தக வரிசைக்கு வருகிறேன். 1966இல் காங்கோவின் தெற்குப் புல்வெளி அரசுகள் பற்றிய நூல், 1973இல் காங்கோ ஆற்றங்கரை டியோ அரசு, 1978இல் மறுபடியும் குபா. அப்புறம் 1985, உங்கள் பெண் கையில் இருக்கும் ‘ஓரல் ட்ரெடிஷன் ஆஸ் ஹிஸ்டரி’. 1961 புத்தகத்துக்கு நிறைய விமர்சனம் வந்தது, மன்னர் கதைகளை அப்படியே நடந்த சம்பவமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அதில் பாதி புராணம் என்று மானிடவியல்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர் பழைய நூலுக்கு ஒட்டுப்போடாமல், இருபது வருஷத்துக்கு மேல் கழித்து அதே பொருளில் முதலிலிருந்து வேறொரு புத்தகமே எழுதினார். ஆராய்ச்சி வாழ்க்கை எப்படிப்பட்டது என்று பெற்றோர் கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஐம்பத்தைந்து வயதிலும் தன் பழைய வேலையைத் தானே பிரித்துப்போட்டு மறுபடி கட்டும் மனசு வேண்டும்.

1990இல் வந்தது மழைக்காட்டு ஆப்பிரிக்கா பற்றிய ‘பாத்ஸ் இன் தி ரெயின்ஃபாரஸ்ட்ஸ்’. இங்கே வாய்மொழிக் கதைகளும் எட்டாத காலத்துக்குப் போகிறார், கையில் இருப்பது வெறும் சொற்கள். ஆப்பிரிக்காவின் நடுவிலும் தெற்கிலும் பேசப்படும் பான்டு குடும்ப மொழிகளில் தலைவன், வீடு, பயிர், கருவி இவற்றுக்கான சொற்களை ஒப்பிட்டு எந்தப் பொருள் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று பின்னோக்கி நடக்கிறார். நமக்கு இது புரியாத வித்தை இல்லை. சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் போர்த்துகீசியச் சொற்கள். நாளைக்கு எல்லா ஏடும் எரிந்துபோனாலும், தமிழ் பேசும் வீடுகளுக்குள் போர்த்துகீசியர் எதைக் கொண்டுவந்தார்கள் என்று இந்த மூன்று சொல்லை வைத்தே ஒரு ஆள் துப்புத் துலக்கிவிடலாம். வான்சினா அதைத்தான் ஒரு கண்டத்தின் நடுப்பகுதிக்கே செய்தார். ஆனால் அதற்கு எத்தனை மொழியின் சொற்பட்டியலோடு மல்லுக்கட்டியிருக்க வேண்டும் என்று யோசித்துப்பாருங்கள்.

ருவாண்டா நூல் பிரெஞ்சில் 2001, ஆங்கிலத்தில் 2004. 1950களின் கடைசியில் அங்கே இருந்தபோது சேகரித்த அரண்மனைக் கதைகளை, 1994 இனப்படுகொலைக்குப் பிறகு மறுபடி கையில் எடுத்தார். அந்த நாட்டின் ஹுட்டு, டுட்சி என்ற இரண்டு பிரிவினருக்கு நடுவே உள்ள பிளவு ஆதிகாலத்திலிருந்து வந்த இனப்பகை என்பதும் சரியில்லை, எல்லாம் வெள்ளைக்காரன் வந்து செய்தது என்பதும் முழுசாகச் சரியில்லை, காலனி ஆட்சிக்குக் கொஞ்சம் முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திணிக்கப்பட்ட கட்டாய உழைப்பு அந்தப் பிளவைக் கூர்மையாக்கியது என்பது அவர் வாதம். இரண்டு பக்கத்துக்கும் பிடிக்காத வாதம்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1960இலிருந்து 1994 வரை பாடம் நடத்தினார். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலி தன் குடும்பத்தில் பாட்டிமார் வழியாக வந்த சில ஆப்பிரிக்கச் சொற்களைத் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் போனார். ‘காம்பி போலோங்கோ’ என்பது மண்டிங்கா மொழி, காம்பியா ஆறாக இருக்கலாம் என்று வான்சினா சொன்னார், ஹேலி காம்பியாவுக்குப் போனார், 1976இல் அவர் குடும்பக் கதையைச் சொல்லும் ‘ரூட்ஸ்’ புத்தகம் வந்தது. அங்கே ஹேலிக்குக் கிடைத்த கதை எவ்வளவு நம்பத்தக்கது என்று பின்னால் ஆய்வாளர்கள் கேள்வி கேட்டார்கள். யார் சொன்னார், எதை எதிர்பார்த்துச் சொன்னார் என்று கேட்கும் அதே முறைதான் அங்கேயும் வேலை செய்தது. குபா மக்கள் காலனி ஆட்சியை எப்படி அனுபவித்தார்கள் என்ற நூல் வந்தது 2010இல், அப்போது அவருக்கு எண்பது வயதைத் தாண்டியிருந்தது. 2017இல் மறைந்தார்.

இப்போது உங்கள் கேள்வி. நேராகச் சொல்கிறேன், ஆப்பிரிக்க வரலாறு என்ற பெயரிலேயே இந்தியாவில் வேலை மிகக் குறைவு. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 1955இலிருந்து ஆப்பிரிக்க ஆய்வுத் துறை இருக்கிறது, மும்பைப் பல்கலைக்கழகத்தில் ஒரு மையம், டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜேஎன்யு) ஒரு மையம். இவற்றில் காலியிடம் வரும் என்று காத்திருப்பது திட்டம் ஆகாது. அதனால் நான் சொல்லும் வழி, முதுகலை வரை பொது வரலாறாகவே படிக்கட்டும், நல்ல துறையில் படிக்கட்டும். ஜேஎன்யு, டெல்லி, ஹைதராபாத் மாதிரி மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சியுஇடி முதுநிலை நுழைவுத்தேர்வு எழுதவேண்டும், கட்டணம் தனியார் கல்லூரியோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. முதுகலையோடு நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு. அதில் ஜேஆர்எஃப் என்கிற இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, கூடவே வீட்டு வாடகைப் படி, அப்புறம் 42,000. ஜேஆர்எஃப்புக்கு வயது வரம்பு 30, பெண்களுக்கு ஐந்து வருஷம் தளர்வு உண்டு, அதனால் இப்போதே பதறவேண்டியதில்லை. அந்த உதவித்தொகை கிடைக்காமல் முனைவர் பட்டத்தில் இறங்காதே என்று மகளிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். கையிலிருந்து காசு போட்டு ஐந்து வருஷம் ஆராய்ச்சி செய்து, நடுவில் உடைந்துபோன பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

இதற்கு நடுவில் ஒரு பி.எட். முடித்துவைத்தால் மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம். மனசுக்குள் இரண்டாம் தரம் என்று நினைக்கவேண்டாம், அரசுப் பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டே பிரமாதமாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். யுபிஎஸ்சிக்கு வரலாறு விருப்பப் பாடமாக எடுக்கலாம் என்பது உங்களுக்கே தெரியும், அதை நீட்ட வேண்டாம்.

ஆனால் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், மொழி. வரலாறு படித்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வெளியே வருகிறார்கள், பழைய ஐரோப்பிய மொழி ஒன்றில் ஆவணம் படிக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். காங்கோவுக்கும் ருவாண்டாவுக்கும் பிரெஞ்சு வேண்டும், மொசாம்பிக்குக்கும் அங்கோலாவுக்கும் போர்த்துகீசியம் வேண்டும். எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் டச்சுக் கம்பெனியின் பதிவேடுகள் இருக்கின்றன, அதைப் படிக்க ஆள் தேவை. நாளைக்கு ஆப்பிரிக்கா கைகூடாமல் போனாலும் இந்தப் படிப்பு இங்கேயே சோறு போடும். சென்னையிலோ புதுச்சேரியிலோ அலியான்ஸ் பிரான்சேஸில் பிரெஞ்சு முதல் நிலைக்கு இந்த விடுமுறையிலேயே சேர்த்துவிடுங்கள். வெளிநாட்டு முனைவர் படிப்புக்குப் பணம் கட்டிச் சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது ஏஜென்ட் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அமெரிக்காவில் நல்ல துறைகள் முனைவர் மாணவருக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, பாடம் எடுக்கவைத்துச் சம்பளமும் கொடுக்கின்றன, நாம் பணம் கட்டிப் போகிற இடம் பெரும்பாலும் போகக்கூடாத இடம்.

அவள் தாங்குவாளா என்று கேட்டீர்கள், அது எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வேலை கொடுங்கள். மாமியாருக்குச் சொந்த ஊர் மண்டபம் பக்கம் என்றீர்களே, 1964 டிசம்பர் தனுஷ்கோடி புயல் அவருக்கு நினைவிருக்கும். மகள் போய் உட்கார்ந்து, போனில் ஒரு மணி நேரம் பதிவு செய்யட்டும், குறுக்கே பேசாமல். பிறகு அதே தெருவில் அதே வயதுள்ள இன்னொரு பாட்டியிடம் தனியாகக் கேட்கட்டும். இரண்டையும் ஒரு சொல் விடாமல், இருமலும் ‘என்னமோ போடி’யும் உட்பட எழுதி எடுக்கட்டும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஆறு ஏழு மணி நேரம் பிடிக்கும், முதுகு வலிக்கும். பிறகு அந்த வாரத்துப் பழைய செய்தித்தாளை நூலகத்தில் தேடிப்பிடித்து மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். ரயில் எத்தனை மணிக்குப் போனது, அலை எந்தப் பக்கமிருந்து வந்தது, ஒரு பாட்டி சொன்னதை இன்னொரு பாட்டி ஏன் சொல்லவேயில்லை. இதில் அவளுக்குச் சலிப்பு வந்தால் புத்தகத்தின் மேல் வந்த ஆசை அது, வேலையின் மேல் வந்த ஆசை இல்லை, நல்லபடியாக வேறு பக்கம் திருப்பிவிடலாம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுந்து வந்து உங்களை எழுப்பி, ‘அம்மா, ரெண்டு பாட்டியும் வேற வேற நேரம் சொல்றாங்க’ என்றால், சரி, அப்போது முழுசாக அவள் பக்கம் நில்லுங்கள்.

கூடவே யுனெஸ்கோ வெளியிட்ட எட்டுத் தொகுதி ஆப்பிரிக்கப் பொது வரலாறு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, முதல் தொகுதியில் வாய்மொழி பற்றி வான்சினாவே எழுதிய அத்தியாயம் இருக்கிறது, அதை முதலில் படிக்கட்டும். பாட்டிமார் பேச்சின் எழுத்துப்படி தயாரானதும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். நான் படித்துவிட்டு அவளிடமே பேசுகிறேன், எந்தப் பல்கலைக்கழகம், எந்த மொழி என்பதை அதற்குப் பிறகு மூன்று பேருமாக உட்கார்ந்து முடிவு செய்வோம்.