ரிவால்வர் பிடி: கைக்கா, இடுப்புக்கா?

கேள்வி: மாம்பழ சீசனில் மண்டிப் பணத்தோடு இரவில் வர வேண்டியிருப்பதால் லைசென்ஸ் எடுத்து, கான்பூர் அரசு தொழிற்சாலையின் .32 ரிவால்வர் வைத்திருக்கிறேன். பிடி என் கைக்குச் சின்னது, சுண்டுவிரல் கீழே தொங்குகிறது. பெரிய ரப்பர் பிடி போட்டால் சட்டையில் புடைத்துத் தெரியும் என்கிறார் மச்சான். என்ன செய்யலாம்?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: மச்சான் சொல்வது சரிதான். குழலை மறைப்பதுதான் கஷ்டம் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள், ஆனால் அந்த 3 அங்குலக் குழல் இடுப்புக்குள் இறங்கிவிடும், வெளியே துருத்திக்கொண்டு நிற்பது பிடியும் அதன் அடிமுனையும்தான், பைக்கில் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலே பின்பக்கச் சட்டையைத் தூக்கிக் காட்டிவிடும். ரப்பர் கைக்கு மெத்தென்று இருக்கும், வியர்வையிலும் வழுக்காது. ஆனால் காட்டன் சட்டையைப் பிடித்து இழுத்து அங்கேயே சுருட்டி வைத்துக்கொள்ளும். மரப் பிடியில் துணி வழுக்கி இறங்கிவிடும்.

சுண்டுவிரலை விடுங்கள், ட்ரிக்கரைப் பாருங்கள். முதலில் ரிவால்வரை மடக்கித் திறந்து தோட்டா போடும் 6 அறையும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, குழலும் முன்கையும் ஒரே கோட்டில் வருகிற மாதிரி பிடியுங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணுச் சதை ட்ரிக்கரில் உட்கார வேண்டும். கணுவையே தாண்டிப் போனால் பிடி ஒல்லி, நுனி மட்டும் எட்டினால் தடிமன்.

அப்புறம் இன்னொரு இடம். ட்ரிக்கர் வளையத்துக்குப் பின்னால், பிடி தொடங்கும் இடத்தில் ஒரு இடைவெளி இருக்கும். சுடும்போது வளையம் நடுவிரல் கணுவில் 'ணங்'கென்று இடிப்பது அதனால்தான். அந்த இடைவெளியை அடைத்து, பக்கவாட்டில் சற்றே பருமன் கூட்டி, நீளத்தைக் கூட்டாமல், அடிமூலையை உருட்டிய மரப் பிடிதான் உங்களுக்கு என் சிபாரிசு. சுண்டுவிரலை அடியில் மடக்கி வைத்துக்கொள்ளலாம், பெரிய நஷ்டமில்லை. மாற்றுவது மரத்தை மட்டும்தான், இரும்பில் அரம் போட விடாதீர்கள், வேலையையும் உரிமம் உள்ள ஆயுதக் கடையிலேயே கொடுங்கள்.

புடைப்பு வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. 2016 ஆயுத விதிகள்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள், முழுக்க மூடியபடி இருக்க வேண்டும்.

கேள்வி: என் கை சின்னது. 500 கிராம் எடையுள்ள நிர்பீக் ரிவால்வர் எனக்கு வசதியாக இருக்குமா?
– வாசகி, தர்மபுரி

பதில்: 2014-இல் பெண்களுக்கென்றே விளம்பரப்படுத்தி வந்தது அது. தூக்கிச் சுமக்க சுகம்தான், சுடும்போது அப்படியில்லை. மேலே சொன்ன பழைய .32 சுமார் 700 கிராம், இரண்டுக்கும் ஒரே வகைத் தோட்டாதான், அதனால் லேசானதில் உதைப்பு கூடுதலாகத் தெரியும். சின்னக் கை என்பதற்காக ஒல்லிப் பிடி எடுக்காதீர்கள், உதைப்பு முழுவதும் கட்டைவிரல் அடியில் ஒரே இடத்தில் இறங்கும். உள்ளங்கையை நிரப்பும் பிடியாகப் பாருங்கள், ட்ரிக்கர் எட்டுகிற வரைக்கும். வாங்கும் முன் ரைபிள் கிளப்பில் யாராவது வைத்திருந்தால் 2 ரவுண்டு சுட்டுப் பார்க்கக் கேளுங்கள்.