ஏர் இன்டேக் மாற்றினால் பிக்கப்பும் மைலேஜும் கூடுமா? செலவு செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்

செகண்ட் ஹேண்ட் ஸ்விஃப்டுக்கு இஞ்சினுக்குக் காற்று போகும் வழியில், அதாவது ஏர் இன்டேக்கில், கோன் ஃபில்டரும் (பாக்ஸ் இல்லாமல் திறந்தபடி நிற்கும் கூம்பு வடிவ ஏர் ஃபில்டர்), காற்றைச் சுழற்றிவிடும் அந்தத் தகட்டு வளையமும் போட்டால் பிக்கப், மைலேஜ் இரண்டும் ஏறும் என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏறாது. நீங்களும் என்னைப் போல பெங்களூரில் தினமும் ஆபீஸுக்கு வண்டி எடுப்பவர், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியதிலிருந்து ஒவ்வொரு ஃபுல் டேங்குக்கும் வயிறு எரிபவர், யாரோ ஒருவர் வீடியோ அனுப்பி ஆசை காட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நானும் அப்படித்தான் ஜே.சி. ரோட்டில் ஒரு கடைக்குப் போய் இரண்டையும் மாட்டச் சொன்னேன். ஃபிட்டிங் கூலியோடு 4,200 ரூபாய். என்னுடையது 2014 பெட்ரோல் ஸ்விஃப்ட்.

மாட்டிக்கொண்டு வெளியே வந்து ஆக்ஸிலேட்டரை அமுக்கியதும் பானெட்டுக்குள்ளிருந்து ஒரு உறுமல் வந்தது பாருங்கள், வண்டியே வேறு வண்டி மாதிரி இருந்தது. இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். கம்பெனி ஃபில்டரோடு கொடுக்கிற அந்த கறுப்பு பிளாஸ்டிக் பாக்ஸ் தூசியை மட்டும் நிறுத்துவதில்லை, காற்று உள்ளே போகும் சத்தத்தையும் அதுதான் அடக்குகிறது. அதைக் கழற்றினால் சத்தம் கூடும், சத்தம் கூடினால் வேகம் கூடிய மாதிரி காது சொல்லும்.

ஆனால் நான் வண்டி வாங்கிய நாளிலிருந்து டேங்க் நிரப்பும்போதெல்லாம் கிலோமீட்டரையும் லிட்டரையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைப்பவன். மாட்டுவதற்கு முன் ஆறு மாதச் சராசரி ஊருக்குள் லிட்டருக்கு 14.1 கிலோமீட்டர். மாட்டிய பிறகு நான்கு டேங்க்: 13.8, 14.2, 13.6, 13.9. சேலம் போய் வந்ததில் முன்பு 18.6, பிறகு 18.4. குறைந்துவிட்டது என்றுகூட நான் சொல்லமாட்டேன், சில்க் போர்டு ஜங்ஷன் டிராஃபிக்கில் அரை மணி நேரம் சிக்கினாலே அவ்வளவு வித்தியாசம் வரும். கூடவில்லை என்று மட்டும் அடித்துச் சொல்வேன்.

காரணம் சிக்கலானது இல்லை. இஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போக வேண்டும் என்பதை ஃபில்டர் தீர்மானிப்பதில்லை, உங்கள் கால் தீர்மானிக்கிறது. 40, 50 வேகத்தில் போகும்போது த்ராட்டில், அதாவது ஆக்ஸிலேட்டரை அமுக்கினால் திறக்கும் காற்று வால்வு, கொஞ்சம்தான் திறந்திருக்கும். வாசல் பாதி மூடிக் கிடக்கும்போது தெருவை அகலப்படுத்தி என்ன பயன்? அப்படியே கூடுதல் காற்று போனாலும் இசியூ, அதாவது இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், சென்சார்களைப் பார்த்து, ஒரு பங்கு பெட்ரோலுக்கு சுமார் 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்குக்கு பெட்ரோலையும் கூட்டிவிடும். அந்த வளையம் இன்னும் மோசம், காற்று போகும் வழியில் தகட்டை நிறுத்தி வைப்பதுதான் அது செய்கிற வேலை.

அப்புறம் சூடு. காரின் சென்சார் அளவுகளைப் போனில் காட்டும் ஓபிடி அடாப்டர் ஒன்றை நண்பர் ஒருவர் கொடுத்தார், மாட்டிப் பார்த்தேன். பழைய பாக்ஸ் இருந்தபோது டிராஃபிக்கில் உள்ளே போகும் காற்று 40 டிகிரி பக்கம். கோன் ஃபில்டரில் 60. பானெட்டுக்குள் இஞ்சின் பக்கத்தில் நின்று கொதிக்கிற காற்றைத்தானே அது உறிஞ்சுகிறது! அந்த 20 டிகிரிக்கே காற்றின் அடர்த்தி சுமார் 6 சதவீதம் இறங்கும். பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சென்னையைவிட இங்கே காற்று ஏற்கெனவே ஏறக்குறைய 10 சதவீதம் லேசு. பிக்கப் போதவில்லை என்று இங்கே பலரும் புலம்புவதற்கு அதுவும் ஒரு காரணம், அதை எந்த ஃபில்டரும் சரிசெய்யாது.

என்னை உலுக்கியது வேறு. அல்சூர் பக்கம் எனக்கு வழக்கமான மெக்கானிக் அண்ணன் ஒருவர், திருவண்ணாமலைக்காரர். சர்வீஸுக்கு விட்டபோது ஃபில்டருக்கு அந்தப் பக்கம், இஞ்சினை ஒட்டிய ரப்பர் குழாயைக் கழற்றி, "தம்பி, உள்ளே விரலை வச்சுப் பாருங்க" என்றார். தடவி எடுத்தேன். விரல் நுனியில் மாவு மாதிரி செம்மண். மெட்ரோ வேலை நடக்கும் ரோட்டில் தினமும் போகிற வண்டி, அந்தத் தூசி வடிகட்டப்படாமல் நேரே சிலிண்டருக்குப் போயிருக்கிறது. "பிஸ்டன் ரிங்கை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரி இது" என்றார். அன்றே கழற்றச் சொல்லிவிட்டேன்.

இதைப் படித்துவிட்டு ரேஸ் ஓட்டுபவர்கள் சண்டைக்கு வரவேண்டாம். ரீமேப் செய்து (இசியூவின் புரோகிராமை மாற்றி), குளிர்ந்த காற்று வரும்படி குழாய் இழுத்து, முழு த்ராட்டிலில் ஓட்டினால் சில குதிரைத் திறன் கூடலாம், மறுக்கவில்லை. பழைய கார்புரேட்டர் வண்டியிலும் கதை வேறு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009இல் இதைச் சோதித்தது. இப்போதைய இன்ஜெக்‌ஷன் கார்களில் ஃபில்டர் அடைத்துக்கொண்டால்கூட மைலேஜ் குறையவில்லை, வேகமெடுப்பதுதான் மந்தமானது. பழைய கார்புரேட்டர் காரில் மட்டும் மைலேஜ் சில சதவீதம் குறைந்தது. அடைத்த ஃபில்டரே மைலேஜைக் குறைக்கவில்லை என்றால், நல்ல ஃபில்டரை எடுத்துவிட்டு விலை கூடியதைப் போட்டு எதை மீட்கப் போகிறோம்?

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். என் நோட்டைப் பார்த்துவிட்டு உறவுக்காரர் ஒருவர் கல்யாண வீட்டில் பத்துப் பேர் முன்னால், "மைலேஜ் பார்க்கிறவன் எதுக்கு கார் வாங்கணும்?" என்றார். வீட்டு வாடகை, பள்ளிக்கூட ஃபீஸ், கார் லோன் எல்லாம் போக மிஞ்சுவதில் பெட்ரோல் போடுகிறவன் கணக்குப் பார்க்காமல் யார் பார்ப்பது? அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத்தான் இந்த வண்டியை வாங்கினேன். பங்க்கில் டேங்க் நிரம்பி பம்ப் தானாக நின்றதும் (ஆட்டோ கட்) நிறுத்துங்கள் என்று சொன்னாலும் பின்னால் நிற்பவர் ஹாரன் அடிக்கிறார். கணக்குப் பார்ப்பது கேவலம் என்று யார் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனி ஃபில்டர் 300 ரூபாய்ச் சொச்சம்தான், நம் ஊர்த் தூசிக்குப் புத்தகத்தில் போட்டிருப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே மாற்றுங்கள். டயர் காற்றை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஏற்கெனவே கோன் ஃபில்டர் மாட்டிவிட்டீர்கள் என்றால், பழைய பாக்ஸை அந்தக் கடையிலேயே விட்டிருந்தால் முதலில் போய் அதை வாங்கி வையுங்கள். நான் மூன்று மாதம் கழித்துப் போய்க் கேட்டபோது மூடி மட்டும்தான் இருந்தது, அடிப்பாகத்தையும் கிளிப்பையும் தனியாக வாங்க வேண்டியதாகிவிட்டது.