மண்ணுக்குள் போகும் பாகம் யார் தலையில்?

கேள்வி: பள்ளிப்பட்டு பக்கம் இருபது வருஷமாக கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன் சார். கல்வெர்ட்டு, தடுப்புச்சுவர், சிமென்ட் ரோடு எல்லாம் ஐட்டம் ரேட்டில்தான். இப்போது வெளியூர்க் கம்பெனி ஒன்று ஆற்றுப் பாலம் டெண்டருக்கு என்னைப் பார்ட்னராகக் கூப்பிடுகிறது. டிசைன், கட்டுமானம் இரண்டும் நம்முடையது, இ.பி.சி. டெண்டர் என்கிறார்கள். டிசைனை அவர்கள் ஆள் பார்த்துக்கொள்வாராம். அஸ்திவாரமும் அப்ரோச் ரோடும் என் பங்கு. எம்-புக் என்கிற அளவுப் புத்தகம் கிடையாது, அளக்கிற தொல்லை இல்லை, மொத்தத் தொகை என்று பேசுகிறார்கள். சேரலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மூன்று தடவை படித்தேன். "அஸ்திவாரமும் அப்ரோச் ரோடும் என் பங்கு." பாலத்தில் கணக்கு தப்புகிற இடம் பெரும்பாலும் இந்த இரண்டும்தான். தூண்களின் மேல் கிடக்கும் கிர்டருக்கு எவ்வளவு கம்பி, எவ்வளவு கான்கிரீட் என்பதை மேஜையில் உட்கார்ந்தே ஏறக்குறையச் சொல்லிவிடலாம். மண்ணுக்குள் போவதை அப்படிச் சொல்ல முடியாது. ஆக, தெரிந்த பாகம் அவர்களுக்கு, தெரியாத பாகம் உங்களுக்கு. வேண்டுமென்றே இப்படிப் பிரித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. உள்ளூர்க்காரருக்கு ஆளும் ஜல்லியும் கிராவலும் சுலபமாகக் கிடைக்கும் என்று நினைத்திருக்கலாம். ஆனால் நஷ்டம் வரும்போது யார் என்ன நினைத்தார்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

ஐட்டம் ரேட்டில் டிசைன் படம் அரசுத் துறையுடையது, அளவும் துறையுடையது. நீங்கள் விலை மட்டும் போடுகிறீர்கள். எஸ்டிமேட்டில் இருந்ததைவிட அளவு கூடினால் கூடின அளவுக்குப் பணம் உண்டு. நான் துறையில் வேலையில் இருந்த காலத்தில் ஓர் ஓடைப் பாலத்துக்கு இரண்டு கரையிலும் மட்டும் போர்ஹோல் (மண்ணைச் சோதிக்கத் துளைக்கிற துளை) போட்டு எஸ்டிமேட் தயாரித்தோம். பைல், அதாவது மண்ணுக்குள் இறக்கும் அஸ்திவாரத் தூண், 18 மீட்டர் என்று கணக்கு. நடுவில் இறக்கினால் களிமண். 24 மீட்டர் வரை போக வேண்டியதாயிற்று. என்னை மேலே கூப்பிட்டு நன்றாகவே வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். கான்ட்ராக்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. 6 மீட்டருக்கும் எம்-புக்கில் அளவு ஏறியது, பணம் வந்தது.

அதே பாலத்தை, டிசைனும் நம்முடையது, விலையும் மொத்தத் தொகை என்கிற இ.பி.சி.யில் போட்டுப் பாருங்கள். 32 பைல், ஒவ்வொன்றிலும் 6 மீட்டர் கூடுதல், மொத்தம் 192 மீட்டர். மீட்டருக்கு 15,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 28 லட்சத்து 80 ஆயிரம். அவ்வளவும் உங்கள் பையிலிருந்து. எம்-புக் இல்லை என்று அவர்கள் சொன்னது உண்மைதான். கூடுதல் வேலையை எழுதிக் காட்ட இடமே இல்லை என்பதும் அதே உண்மைதான்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் மாதிரி இ.பி.சி. ஒப்பந்தத்தை ஒரு தடவையாவது புரட்டிப் பாருங்கள். மாநிலத் துறைகளின் டெண்டர்களும் அதை ஒட்டியே வருவதுண்டு. என்ன கட்ட வேண்டும் என்பது அட்டவணை பி-யில் இருக்கும். எந்தத் தரத்தில் என்பது டி-யில். மொத்தத் தொகையில் எந்தப் பாகத்துக்கு எத்தனை சதவீதம், எந்தக் கட்டத்தில் பணம் என்பது ஹெச்-சில். முதல் இரண்டையும் எல்லோரும் படிப்பார்கள். உங்களுக்கு முக்கியம் ஹெச். ஐட்டம் ரேட்டில் பத்துப் பைல் முடிந்தால் பத்துக்குப் பில் போடலாம். இங்கே ஒரு கட்டம் முடிந்ததாகக் கணக்கில் வந்தால்தான் பணம். பாதியில் நிற்கும் பைலுக்குப் பத்துப் பைசா வராது. பைலுக்குத் துளை போடும் ரிக் வாடகையும் கம்பிக் கடனும் அதுவரை காத்திருக்குமா?

அப்புறம் அதில் பொறுப்புத் துறப்பு என்று ஒரு பிரிவு இருக்கும். இடத்தையும் மண்ணையும் நீரோட்டத்தையும் நானே ஆராய்ந்து பார்த்துத் திருப்திப்பட்டுத்தான் விலை போட்டேன் என்று கான்ட்ராக்டர் ஒப்புக்கொள்கிற பிரிவு. துறை கொடுத்த மண் அறிக்கை தப்பாக இருந்தது என்று பின்னால் சொல்ல வழியில்லாமல் செய்வது அதுதான். வெளிநாட்டு வேலைகளில் பயன்படும் ஃபிடிக் என்கிற மாதிரி ஒப்பந்தப் படிவங்களில் இதற்கு இரண்டு வகை உண்டு. மஞ்சள் புத்தகத்தில், அனுபவமுள்ள கான்ட்ராக்டரும் முன்கூட்டி எதிர்பார்த்திருக்க முடியாத நிலம் வந்தால் அவகாசமும் பணமும் கேட்கலாம். வெள்ளிப் புத்தகத்தில் அந்தச் சுமை கான்ட்ராக்டருடையது. நம் ஊர் இ.பி.சி. இந்த விஷயத்தில் வெள்ளிக்குத்தான் பக்கம்.

இனி உங்கள் ஆறு. கொசஸ்தலையாற்றைப் பற்றிப் பள்ளிப்பட்டுக்காரருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. 2021 நவம்பரில் ஆந்திரப் பக்கம் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தபோது தரைப்பாலங்கள் முழுகி ஊர்கள் துண்டித்து நின்றதை நேரில் பார்த்திருப்பீர்கள். டிசைன் செய்பவர் வேறு ஊர்க்காரர். அவர் வரைபடத்தில் நீர்ப்பிடிப்புப் பரப்பைப் பார்த்து, மழை அளவைப் பெருக்கி, ஒரு வெள்ள அளவு போடுவார். மழை கணக்குக்குள் வரும். இன்னொரு மாநிலத்துத் துறை எந்த ராத்திரி எத்தனை ஷட்டரைத் தூக்கும் என்பது வராது. அந்த அணையிலிருந்து இதுவரை அதிகபட்சமாக எவ்வளவு கன அடி விட்டார்கள் என்ற பதிவு சித்தூர் பக்கத்து நீர்வளத் துறை அலுவலகத்தில்தான் கிடைக்கும். உங்களுக்குத் தெலுங்கு தெரியுமே, நேரில் போய்க் கேளுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி எழுதிக் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். கையோடு, ஆற்றோரக் கோயில் சுவரில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பெரியவர்களிடம் கேட்டுக் குறித்து, லெவல் எடுத்து வையுங்கள். படித்த என்ஜினியர்கள் இதை லேசாக நினைப்பார்கள். எனக்குத் தெரிந்து பல பாலங்களின் உச்ச வெள்ளமட்டம் இப்படிக் கிடைத்ததுதான்.

வெள்ள அளவு தப்பினால் என்ன ஆகும்? பாலத்தின் உயரம் மட்டும் மாறுவதாக நினைக்காதீர்கள், அஸ்திவாரத்தையும் இன்னும் ஆழமாக இறக்க வேண்டிவரும். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 78 விதிப்படி, வெள்ளம் ஆற்றுப்படுகையை அரிக்கிற சராசரி அரிப்பு ஆழத்தைக் கணக்கிட்டு, நடுத்தூணுக்கு அதன் இரண்டு மடங்கு வரை அரிக்கும் என்று வைத்துக்கொள்ள வேண்டும், கரைத்தூணுக்கு 1.27 மடங்கு. இந்த ஆழத்தை அளப்பது உச்ச வெள்ளமட்டத்திலிருந்து. இந்த ஆழத்தைக் கணக்கிடும் லேசி சூத்திரத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கான நீரோட்டம் 20 சதவீதம் கூடினால் அரிப்பு ஆழம் சுமார் 13 சதவீதம் கூடும். சராசரி 5 மீட்டர் என்றால் நடுத்தூணுக்கு 10 மீட்டராக இருந்தது 11.3 மீட்டர் ஆகிவிடும். மணல் அள்ளி ஆற்றுப்படுகை இறங்கியிருந்தால் அது வேறு. டிசைன் செய்பவர் ஒரு எண்ணை மாற்றி எழுதினால் போதும், செலவு உங்கள் பங்கில் ஏறும். கிர்டர் வார்க்கிறவருக்கு அதில் ஒரு பைசா வித்தியாசம் கிடையாது. அதனால்தான் இந்தப் பங்கு பிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"டிசைனைத் துறை பார்த்து ஓகே பண்ணிவிடுமே" என்று கேட்பீர்கள். பார்க்கும். ஆனால் துறையின் என்ஜினியர் படத்தைப் பார்த்துக் கருத்துச் சொன்னதால் கான்ட்ராக்டரின் பொறுப்பு குறையாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். கேரளத்தில் மலப்புறம் மாவட்டம் கூரியாட்டில் நடந்தது நினைவிருக்கும். 2025 மே 19-ஆம் தேதி, வயல் நிலத்தின் மேல் எழுப்பிய தேசிய நெடுஞ்சாலை 66-இன் உயர்ந்த மண்மேடு சரிந்தது. அது ஹாம் முறை வேலை. கட்டும்போது அரசு 40 சதவீதம் தரும், மீதியை 15 வருஷத் தவணையில் தரும், டிசைன் கம்பெனியுடையது. அடியில் இருந்த மண் தாங்கவில்லை என்றார்கள். கம்பெனியையும் மேற்பார்வைக் கன்சல்டன்டையும் புது டெண்டர்களிலிருந்து விலக்கி வைத்தார்கள். மண்மேட்டுக்குப் பதில் தூண்மேல் பாலமாகக் கம்பெனி சொந்தச் செலவில் கட்டித்தர வேண்டும் என்றும் சொன்னார்கள். உங்கள் பங்கில் அப்ரோச் ரோடும் இருக்கிறது என்பதால்தான் இதைச் சொல்கிறேன். பாலத்தை ஒட்டி ஏறும் மண்மேடு சாதாரண ரோடு வேலை அல்ல.

டிசைனருக்குக் காப்பீடு இருக்கிறது என்று சொல்வார்கள். இருக்கட்டும். அது அவர் கவனக்குறைவாகத் தப்புச் செய்தார் என்று நிரூபித்தால்தான் பேசும். ஒப்பந்தமோ, பாலம் அதன் வேலைக்குப் பொருந்த வேண்டும் என்று கேட்கும். கவனமாக வரைந்தும் பொருந்தாமல் போனால் நடுவில் விழுகிற பள்ளம் கட்டுகிறவருடையது.

இவ்வளவு சொன்னதால் இந்த முறையே மோசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் 2006-இல் தன் நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில், டிசைனையும் கட்டுமானத்தையும் ஒருவரிடமே கொடுத்த திட்டங்களில் காலம் 14 சதவீதமும் செலவு 3 சதவீதமும் குறைந்ததாகத் திட்ட மேலாளர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். மினியாபொலிஸில் 2007 ஆகஸ்ட் 1-ஆம் தேதி இடிந்து 13 பேரைப் பலிகொண்ட பாலத்துக்குப் பதிலாக, இதே முறையில் கட்டி 2008 செப்டம்பர் 18-ஆம் தேதி புதுப் பாலம் திறந்துவிட்டார்கள். அஸ்திவாரம் இறங்கும்போதே மேல்பாகத்தை வரைந்துகொண்டிருக்கலாம் என்பதுதான் இதில் உள்ள சௌகரியம். ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்த வேலை, வந்த விலைகளிலேயே அதிக விலை கேட்ட குழுவுக்குத்தான் போனது. டிசைனுக்கும் செய்முறைக்கும் மதிப்பெண் போட்டு, விலையோடு சேர்த்துப் பார்த்தார்கள். நம்மிடம் தகுதி பார்ப்பது ஒரு கட்டம், அதைத் தாண்டினால் எல்-1, அதாவது குறைந்த விலை கேட்டவர், மட்டும்தான். எல்-1 ஆக வேண்டுமென்றால் ஏதோ ஓர் இடத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துப் போட வேண்டும். பெரும்பாலும் பைல் நீளத்தில்தான் குறைப்பார்கள்.

சரி, என்ன செய்யலாம்? நான் உங்கள் இடத்தில் இருந்தால் பார்ட்னராகச் சேரமாட்டேன். கூட்டாக ஏலம் எடுத்தால் இருவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் முழு வேலைக்குப் பொறுப்பு. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43-ஆம் பிரிவும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது. அவர்கள் கிர்டரில் சொதப்பினாலும் துறை உங்கள் கதவைத் தட்டலாம். அதற்குப் பதில், அவர்கள் ஏலம் எடுக்கட்டும், நீங்கள் சப்-கான்ட்ராக்டராகப் பைலுக்கு மீட்டர் ரேட், மண்மேட்டுக்குக் கன மீட்டர் ரேட் பேசுங்கள். துறையோடு அவர்களுக்கு மொத்தத் தொகை, அவர்களோடு உங்களுக்கு ஐட்டம் ரேட். அளவைத் தீர்மானிக்கிற டிசைன் அவர்கள் கையில் இருக்கும்போது அளவின் சுமையும் அவர்களிடம் இருப்பதுதான் நியாயம். லாபம் கொஞ்சம் குறையும், ராத்திரி தூக்கம் வரும்.

இல்லை, பாலம் கட்டின அனுபவச் சான்று வேண்டும், அதற்குப் பார்ட்னராக இருந்தாக வேண்டும் என்றால் உள் ஒப்பந்தத்தில் மூன்று விஷயத்தை எழுதி வாங்குங்கள். டிசைன் மாற்றத்தால் அஸ்திவார அளவு கூடினால் அதை இருவரும் லாபப் பங்கு விகிதத்தில் சுமப்பது. டிசைனரை நியமிப்பதில் உங்கள் கையெழுத்தும் வேண்டும் என்பது. துறையிலிருந்து வரும் பணம் இருவர் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாத வங்கிக் கணக்கு. மூன்றாவதற்கு ஒப்பாவிட்டால் மற்ற இரண்டைப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அப்ரோச் ரோட்டு நிலம் துறை கையில் வந்துவிட்டதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள். நிலம் வராவிட்டால் காலநீட்டிப்புக் கிடைக்கும், ஆனால் சும்மா நிற்கிற மெஷின் வாடகைக்கு அது காணாது. கிராவல் எல்லை தாண்டி வர வேண்டியிருந்தால் பர்மிட் விஷயத்தையும் இப்போதே விசாரியுங்கள்.

ஏலத்துக்கு முன் சந்தேகம் கேட்கும் ப்ரீ-பிட் கூட்டத் தேதியை நீங்கள் எழுதவில்லை. அதற்கு முன் துறையிடம் எழுத்தில் அனுமதி கேட்டு, கரையில் போடாமல் ஆற்றின் நடுவில் இரண்டு போர்ஹோலாவது போடச் சொல்லுங்கள். கம்பெனி பாதிச் செலவு தர வேண்டும். அதற்கே யோசிக்கிற கம்பெனியோடு மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. ஐப்பசியில் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் ரிக்கை உள்ளே இறக்க முடியாது, அதனால் இந்த வாரமே கடிதம் கொடுத்துவிடுங்கள்.