கிணற்றுக்கட்டில் ஒரு மணி நேரம்

வணக்கம் ஐயா,

இந்த ஜூலையில் அப்பாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கொழும்பிலிருந்து வான் பிடித்து யாழ்ப்பாணம் போனோம். வழியில் மாங்குளத்தில் திரும்பி, அப்பாவின் ஊரான ஒட்டுசுட்டானில் ஒரு மணி நேரம் நின்றோம். 1990இல் புறப்பட்டவர், அதன்பின் அந்த மண்ணை மிதிக்கவில்லை. வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் கிணறும்தான் மிச்சம். பிள்ளைகள் வெக்கை தாங்காமல் வானுக்குள் ஏறிவிட்டார்கள். அப்பா கிணற்றுக்கட்டில் கையை வைத்தபடி நின்றார். யாழ்ப்பாணம் போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவரைக் கூட்டிச் சென்றது பிழையோ?

வாசகி, ரொறன்ரோ

அன்புள்ள சகோதரிக்கு,

பிழையில்லை. ஆனால் ஒரு மணி நேரம் மிகக் குறைவு.

ஊரிலேயே இருந்தவர்கள் 2009இல் எல்லாவற்றையும் விட்டு ஓடினார்கள், செட்டிகுளத்து முகாம்களில் கிடந்தார்கள், திரும்பி வந்து தறப்பாள் கட்டிக்கொண்டு பற்றை வெட்டினார்கள். இடிந்த சுவரோடு பழகுவதற்கு அவர்களுக்கு நாட்கள் இருந்தன. உங்கள் அப்பாவின் மனத்திலோ அந்த வீடு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓடு கலையாமல் நின்றது. அவருக்கு அது இந்த ஜூலையில்தான் இடிந்தது. அன்று மாலையே அவர் பேசியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

2012இல் என் அம்மாவை முள்ளியவளைக்குக் கூட்டிச் சென்றேன். கூரையும் கதவும் போய்விட்ட எங்கள் வீட்டை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே பக்கத்து வளவுக்குப் போனார். அங்கிருந்த மூதாட்டி கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "நீ யாருடைய பிள்ளை?" என்று கேட்டார். அவ்வளவுதான், இருவரும் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். காட்டு விநாயகர் கோவிலில் கடல் நீரில் விளக்கெரிப்பது, அதன்பின் வற்றாப்பளை அம்மனுக்கு வைகாசிப் பொங்கல், அதற்கு யார் யார் நடந்து போனார்கள் என்று பேச்சு நீண்டது. நான் மூன்று முறை "நேரமாகிறது அம்மா" என்றேன். அன்று அப்படி அவசரப்படுத்தியதற்காக இன்றும் வருந்துகிறேன். யாழ்ப்பாணத்தில் எங்களுக்காக எந்த அவசரமும் காத்திருக்கவில்லை.

பிள்ளைகளைக் கடிந்துகொள்ள வேண்டாம். யாழ்ப்பாணம் போகும் வழியில் முறிகண்டியில் நின்றிருப்பீர்கள். அந்தப் பிள்ளையாரைக் கும்பிடாமல் போகும் வாகனம் குறைவு. அங்கே அவர்கள் இறங்கியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். தேங்காய் உடைக்கலாம், கச்சான் வாங்கலாம், கைக்கு வேலை இருக்கிறது. ஒட்டுசுட்டானில் அவர்களுக்கு இருந்ததெல்லாம் வெயிலில் நின்று அம்மப்பாவின் துயரத்தைப் பார்ப்பது மட்டும். பெரியவர்களுக்கே அது கடினம்.

அடுத்த முறை வளவை விட்டுக் குளத்தில் தொடங்குங்கள். ஓமந்தையைத் தாண்டினால் புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று பெயர்ப்பலகை பெயர்ப்பலகையாகக் குளங்களே வருவதைக் கவனித்திருப்பீர்கள். குளத்தை நம்பி வயல், வயலை நம்பி வீடு; வன்னியில் ஊர்கள் அப்படித்தான் உண்டாயின. முத்தையன்கட்டுக் குளம் உங்கள் அப்பாவின் ஊருக்கு அருகில்தான் இருக்கிறது. வெயில் தாழ்ந்த பிறகு குளக்கட்டில் அவரை முன்னே நடக்க விடுங்கள். நீங்கள் எதையும் கேட்க வேண்டாம். எந்த வாய்க்கால் எந்த வயலுக்குப் போனது என்று அவர் தானாகவே கையை நீட்டுவார். பாலைப்பழக் காலமானால் வாங்கிக் கொடுங்கள். உதட்டில் பால் ஒட்டிக்கொண்டு பிள்ளைகள் திணறும்போது அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஏதாவது இருக்கும். இரவு அங்கேயே தங்கி, காலையில் தான்தோன்றீசுவரர் கோவிலுக்குப் போய்விட்டுப் பிறகு வளவுக்குப் போங்கள். அயலாரைக் கேட்காமல் பற்றை மூடிய நிலத்துக்குள் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். முல்லைத்தீவில் கண்ணிவெடி அகற்றும் வேலை நெடுங்காலமாக நடந்துவருகிறது. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

இன்னொன்று. வீடு போன பிறகும் அப்பா கையை வைக்க அந்தக் கிணற்றுக்கட்டு இருந்திருக்கிறது. அந்தக் கிணற்றை வெட்டியவர் யார்? அவருடைய தகப்பனா, பாட்டனா? எத்தனை முழத்தில் தண்ணீர் கண்டார்கள்? அவரிடம் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.